கடல் நடுவே மின்சாரம்

கரையில் வாழ்வோருக்கு மின்சாரம் சுவரிலிருந்து வருவது. ஆளியை அழுத்தினால் விளக்கு எரியும். அது எங்கே பிறந்தது, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. கரையை விட்டு நீங்கிய படகிலோ இவ்விரு வினாக்களும் நாள்தோறும் எழுகின்றன. அங்கு மின்சாரம் குடிநீரைப் போன்றது. அளந்து சேமிக்கவேண்டும், அளந்து செலவிடவேண்டும், தீர்ந்துபோனால் அயலாரிடம் கடன் கேட்க வழியில்லை. இந்த முட்டுப்பாட்டோடு மனிதர் போராடிய வரலாறு ஏறத்தாழ இருநூறு ஆண்டு நீளமுடையது.

1838ஆம் ஆண்டில் ருசிய நாட்டின் நேவா நதியில் யாகோபி என்னும் அறிஞர் மின்சாரத்தால் ஒரு படகை ஓட்டிக் காட்டினார். சார் மன்னர் முதலாம் நிக்கலசின் பொருளுதவி அவருக்குக் கிடைத்திருந்தது. பன்னிரண்டு பேரளவில் ஏறிச்சென்ற அப்படகு நீரோட்டத்தை எதிர்த்தும் மெல்ல நகர்ந்தது. ஆயினும் அதன் மின்கலங்கள் நாகத்தை உண்டு மின்சாரத்தைக் கக்குபவை. நாகம் கரைந்து முடிந்தால் புதிய தகடு இடவேண்டுமேயன்றி, கலத்துக்கு மீண்டும் உயிரூட்டும் வழி அன்று இல்லை. அடுத்த ஆண்டில் அவர் ஆற்றல் மிகுந்த வேறு கலங்களைப் பயன்படுத்தியபோது அவற்றின் அமிலப்புகை படகிலிருந்தோரைத் திணறச் செய்தது. கரியைக் காட்டிலும் நாகம் விலையுயர்ந்தது. ஆகவே நீராவிக்கு முன்னால் அந்த முயற்சி நிலைக்கவில்லை.

வழியைத் திறந்தவர் பிரான்சு தேசத்துப் பிளாந்தே. 1859இல் அவர் ஈயத்தகடுகளைக் கந்தகவமிலத்தில் அமிழ்த்தி, செலவழிந்த மின்சாரத்தை மீண்டும் ஏற்றக்கூடிய சேமிப்புக்கலத்தை அமைத்தார். 1881இல் போர் என்பவர் ஈயப்பசை பூசிய தகடுகளால் அதனை மேலும் வலுப்படுத்தினார். அதே ஆண்டில் துரூவே என்பவரின் மின்படகு பாரிசில் சேன் நதியில் ஓடியது. மறுவருடம் இலண்டனில், தேம்சு நதியில், ரெக்கன்சவுன் அமைத்த ‘எலெக்ற்றிசிற்றி’ என்னும் படகு சேமிப்புக்கலங்களைச் சுமந்து ஓடிற்று. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தேம்சுக் கரையில் படகுகளுக்கு மின்னேற்றும் நிலையங்கள் தோன்றின. புகையுமில்லை, இரைச்சலுமில்லை என்று உல்லாசப் பயணிகள் மகிழ்ந்தனர். நதியில் உலாவிவிட்டு மாலையில் நிலையத்துக்குத் திரும்பிவிடலாம். கடலில் அப்படித் திரும்ப முடியுமா?

இதற்கு வட துருவத்துப் பனிக்கடலிலிருந்து ஒரு விடை வந்தது. நோர்வே நாட்டு நான்சன் 1893ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ‘பிராம்’ என்னும் கப்பலிற் புறப்பட்டார். கப்பலைப் பனிக்கட்டியிற் சிக்கவிட்டு, அப்பனியின் நகர்ச்சியோடே துருவத்தை நெருங்கவேண்டும் என்பது அவர் திட்டம். மாதக்கணக்கில் சூரியன் தலைகாட்டாத இருளில் ஆண்டுக்கணக்காக அடைபட்டிருக்கப் போகும் பதின்மூவருக்கு ஒளி என்பது ஆடம்பரமன்று. உணவுக்கு அடுத்தபடியான மருந்து. செல்லும் வழியில் நீராவிப்பொறி தைனமோவைச் சுழற்றியது. பனியிற் சிக்கியபின் கரியை அதற்காக எரிக்க மனம் வருமா? தளத்தின்மேல் ஒரு காற்றாலையை நாட்டினார்கள். ஒக்ரோபர் மாதத்தில் காற்றடித்தது, ஆலை சுழன்றது, கப்பலின் உள்ளே மின்விளக்கு எரிந்தது. காற்று ஓய்ந்த நாட்களில் மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரும்பினர். நாளடைவில் பற்சக்கரங்கள் தேய்ந்து, 1895இல் அந்த ஆலையை இறக்கிவிட நேர்ந்தது. பொறி ஒருபுறம், இயற்கை மறுபுறம் என்று ஒரே கப்பலுக்கு இருவழியாக மின்சாரம் தேடும் முறைக்கு ‘பிராம்’ ஒரு முன்னோடி.

சேமிப்புக்கலத்தைக் கடலில் முழுமையாக நம்பியவர்கள் நீர்மூழ்கி மாலுமிகள். 1897இல் நீரில் இறக்கப்பட்டு, 1900இல் அமெரிக்கக் கடற்படை வாங்கிய ‘ஹொலன்ட்’ என்னும் கலம், நீரின் மேலே பெற்றோல் எஞ்சினாலும், நீரின் கீழே சேமிப்பு மின்சாரத்தாலும் ஓடியது. மேலே வந்தபோது எஞ்சினே கலங்களுக்கு மின்னேற்றிற்று. மின்னேற்றுதல் ஒரு கலை என்பதைக் கற்றுக்கொடுத்தவர்கள் இவர்களே. கற்ற விலையும் பெரிது. நிறைந்த கலத்துக்கு மேன்மேலும் மின்சாரத்தைத் திணித்தால் அது நீரைப் பிரித்து ஐதரசன் வாயுவை வெளிவிடும். அடைபட்ட அறையில் அவ்வாயு திரண்டால் ஒரு பொறி போதும். 1916ஆம் ஆண்டு சனவரியில் புரூக்ளின் கடற்படைத் துறையில் ‘ஈ-2’ என்னும் நீர்மூழ்கி இவ்வாறு வெடித்து உயிர்களைப் பலிகொண்டது. கடல்நீர் கலத்தின் அமிலத்தோடு கலந்தாலோ நச்சுக்குளோரீன் எழும்.

சிறு படகுகளின் கதை வேறு. மோட்டர் வண்டியின் தைனமோவே அவற்றின் எஞ்சினிலும் பூட்டப்பட்டது. அது மெதுவாகச் சுழலும்போது மின்சாரம் தருவதில்லை. நெடுநேரம் எஞ்சினை முழக்கவேண்டும். 1950களில் சிலிக்கன் இருவாயிகள் மலிந்தபின் நிலைமை மாறிற்று. ஆடலோட்டத்தைப் பிறப்பித்து, உடனே இருவாயிகளால் நேரோட்டமாக்கும் அல்ரனேற்றர் என்னும் கருவி 1960இல் கிறைஸ்லர் நிறுவனத்தின் வலியன்ற் வண்டியில் ஒழுங்காகப் பொருத்தப்பட்டது. எஞ்சின் மெல்ல ஓடும்போதும் அது மின்னூட்டும். வண்டியிலிருந்து படகுக்கு அது வந்துசேர நெடுங்காலம் செல்லவில்லை.

படகில் மின்சாரம் அற்றுப்போவது எத்தகையது என்பதை 1968ஆம் ஆண்டின் உலகஞ்சுற்றும் தனியோட்டப் பந்தயம் காட்டியது. இங்கிலாந்தின் ரின்மவுத் துறையிலிருந்து ஒக்ரோபர் 31ஆந் திகதி புறப்பட்ட டொனால்ட் குரோகேர்ஸ்ற் மின்னணுக்கருவிகளில் வல்லவர். அவருடைய முக்கட்டுமரக்கலத்தில் வானொலியும், விளக்கும், கவிழாது காக்கும் அமைப்பும் மின்சாரத்தையே நம்பியிருந்தன. மின்பிறப்பாக்கியோ தளத்திலுள்ள ஒரு மூடியின் கீழே இருந்தது. இரு வாரத்துக்குள் அம்மூடி கசிந்து கடல்நீர் உட்புகுந்தது. மின்சாரமின்றி என்னென்ன இழக்கப்படும் என்று அவர் எழுதிவைத்த கணக்கு இன்றும் படிப்போரை உருக்கும். பிற்பாடு அவர் உலகைச் சுற்றாமலே சுற்றுவதாகப் பொய்யான இருப்பிடங்களை அறிவித்தார். 1969 சனவரியில், பிறப்பாக்கியின் மூடியை அடைத்துவிட்டதாக ஒரு செய்தி அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் மௌனமானார். கரையிலிருந்தோர் அதை நம்பினர். மின்சாரம் நின்றால் ஊமையாவது அக்காலப் படகுகளின் இயல்பாயிருந்தமையே காரணம். அதே பந்தயத்தில் பம்பாயிற் கட்டிய ‘சுகைலி’யில் சென்ற ரொபின் நொக்ஸ்-யோன்ஸ்ரனின் வானொலியும் பழுதாகி, நியூசீலந்தைக் கடந்தபின் மாதக்கணக்கில் அவரைப்பற்றிச் செய்தி கிடைக்கவில்லை. அவர் 1969 ஏப்பிரில் 22ஆந் திகதி, 312 நாட்களின் பின், கரைசேர்ந்தார். குரோகேர்ஸ்ற் திரும்பவில்லை. ஆளற்ற அவருடைய படகு யூலை 10ஆந் திகதி அத்திலாந்திக்கில் கண்டெடுக்கப்பட்டது. பரிசுப்பணமான 5,000 பவுணை நொக்ஸ்-யோன்ஸ்ரன் அவர் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

நீர் புகுந்தாலும் எரிபொருள் தீர்ந்தாலும் ஓயாத ஒரு பிறப்பாக்கி அக்காலத்திலேயே உலகில் இருந்தது. 1954 ஏப்பிரிலில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் சேப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவர் சிலிக்கன் சூரியக்கலத்தை வெளியிட்டனர். வெயிலின் ஆற்றலில் நூற்றுக்கு ஆறு பங்கை அது மின்சாரமாக்கியது. 1958இல் அது வான்கார்ட் துணைக்கோளில் ஏறி விண்வெளிக்கே சென்றது. படகோட்டிக்கு எட்டும் விலைக்கு அது இறங்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 1985இல் யப்பானியரான கெனிச்சி ஹோரி சூரியப் படகொன்றில் ஹவாயிலிருந்து சிச்சியிமாத் தீவுக்குத் தனியே சென்றார். 2010 செப்ரெம்பரில் மொனாக்கோவிலிருந்து புறப்பட்ட ‘பிளானற் சோலர்’ 537 சதுரமீற்றர்ப் பலகைகளின் துணையால் உலகைச் சுற்றி 2012 மேயில் மீண்டது.

இவ்வாறு எஞ்சினும் சூரியனும் ஒரே கலத்தை நிரப்பத் தொடங்கியபோது ஒரு புதிர் எழுந்தது. பன்னிரண்டு வோல்ற்று ஈயக்கலம் நிறைந்து ஓய்ந்திருக்கையில் ஏறத்தாழ 12.7 வோல்ற்று காட்டும்; நிரப்புவதற்கு 14.4 வோல்ற்று வரை உயர்த்தவேண்டும். பாதி வெறுமையான கலம் தரும் மின்சாரத்தையெல்லாம் பருகும். ஐந்தில் நான்கு பங்கு நிறைந்தபின் சிறிது சிறிதாகவே ஏற்கும். பசித்தவன் முதற்கவளங்களை விழுங்குவதும் கடைசிக் கவளத்துக்குத் தயங்குவதும் போன்றது இது. மோட்டர் வண்டிக்கெனச் செய்த சீராக்கி இதை அறியாது. வண்டியின் கலம் தொடக்கும்போது மட்டுமே சிறிது இழப்பது. படகின் கலமோ இரவெல்லாம் விளக்குக்கும் வானொலிக்கும் ஊட்டுவது. வெயில் காயும் வேளையில் எஞ்சினை ஓட்டிய சிலர் அல்ரனேற்றர் மின்சாரம் தரவில்லையென்று அஞ்சினர். சூரியப்பலகை ஏற்கனவே மின்னழுத்தத்தை உயர்த்தியிருக்க, சீராக்கி கலம் நிறைந்துவிட்டதெனக் கருதி அல்ரனேற்றரை அடக்கியது, அவ்வளவுதான். பழுது எதுவும் இல்லை. அல்ரனேற்றர் சுழலும்போது கலத்தின் இணைப்பைத் துண்டித்தவருக்கே உண்மையான பழுது நேர்ந்தது. திடீரென எழும் மின்னழுத்தத்தில் இருவாயிகள் எரிந்துபோகும்.

அனுபவம் கண்ட முறை எளியது. காலையில் கலம் பசித்திருக்கும்போது எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டினால் பெரும்பங்கு நிறையும். எஞ்சியதை நிரப்ப மணிக்கணக்காகும். அதற்காக டீசலை எரிப்பது வீண். அந்த மெதுவான வேலை வெயிலுக்கு உரியது. நாள்தோறும் குறைநிறைவாக விடப்படும் ஈயக்கலத்தின் தகடுகளில் ஈயசல்பேற்று இறுகிப் படிந்து கலம் மலடாகும். பலகை இதையும் தடுத்துவிடுகிறது. இரவில் கலத்தின் மின்சாரம் பலகைக்குப் பின்னோடாதபடி இருவாயியோ சீராக்கியோ காவல் நிற்கும். லிதியக்கலங்கள் வந்தபின் வேறு தொல்லை தோன்றியது. அவை இறுதிவரை தயங்காது பருகுவதால், ஓயாது உழைக்கும் அல்ரனேற்றர் சூடேறிக் கருகியது. இப்போது அதன் வெப்பத்தை அளந்து உழைப்பைக் குறைக்கும் சீராக்கிகள் பொருத்தப்படுகின்றன.

2017 சனவரியில் கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியில், வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே, 75 பேரை ஏற்றும் ‘ஆதித்யா’ என்னும் சூரியப்படகு ஓடத் தொடங்கியது. அதன் கூரைப்பலகைகள் 20 கிலோவாற்று மின்சாரம் தரவல்லவை. முன்பு டீசல் எஞ்சின்கள் இரைந்த அவ்வழியில் இப்போது நீரின் சலசலப்பும் பயணிகளின் பேச்சும் கேட்கின்றன. வெயில் போதாத நாளில் இரவு துறையிற் கட்டி, கரை மின்சாரத்தால் கலங்களை நிரப்பிக்கொள்கிறார்கள்.