ஹேமக்கில் படுத்தால் முதுகு வலிக்குதா? கையில் இருக்கிற பொருளை வைத்தே சரிசெய்வது எப்படி?

உத்தரத்தில் தொங்கும் தூளியில் குழந்தை அயர்ந்து தூங்கக் காரணம், துணி நன்றாகத் தொய்ந்து உடம்பை அணைத்துக்கொள்வதுதான். அரியலூர் மாவட்டம் மீன்சுருட்டி பக்கம் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் இதைச் சொல்வார். ஆனால் கேம்பிங் போகும் இளைஞர்கள் பலர் நைலான் ஹேமக்கைக் கொடிக்கயிறு மாதிரி விறைப்பாகக் கட்டிவிட்டு, காலையில் 'முதுகு போச்சு' என்கிறார்கள்.

எவ்வளவு தொய்வு வேண்டும்?

இரண்டு பக்கக் கயிறும் சுமார் 30 டிகிரி சரிவில் இருக்க வேண்டும். அப்படிக் கட்டினால், 70 கிலோ எடை உள்ளவர் படுக்கும்போது ஒவ்வொரு கயிற்றிலும் விழும் இழுவை கிட்டத்தட்ட அதே 70 கிலோதான். டைட்டாக இழுத்து 10 டிகிரியில் கட்டினால் அது சுமார் 200 கிலோ ஆகிவிடும். கயிறு அறுந்து கீழே விழும் ஆபத்து இதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் சரிவை அளக்க முடியாது இல்லையா? ஹேமக்கின் இரு முனைகளையும் இணைத்து, மேலே நீட்சி இல்லாத ஒரு கயிறு கட்டிவிடுங்கள். அதன் நீளம் ஹேமக் நீளத்தில் சுமார் 83 சதவீதம். 10 அடி ஹேமக்கிற்கு 8 அடி 4 அங்குலம். பிறகு எந்த மரத்தில் கட்டினாலும் தொய்வு பெரிதாக மாறாது. கொசுவலையையும் அதிலேயே தொங்கவிடலாம்.

படுக்கும்போது நடுக்கோட்டில் நேராகப் படுக்காமல், தலை ஒரு ஓரம், கால் எதிர் ஓரம் என்று குறுக்காகப் படுங்கள். முதுகு கிட்டத்தட்ட சமமாகிவிடும். முட்டிக்கு அடியில் ஒரு லுங்கியைச் சுருட்டி வைத்தால் கால் இழுக்காது.

முதுகுப் பக்கம் மட்டும் ஏன் குளிருது?

ஏற்காடு, கொடைக்கானல் போகிறவர்கள் சொல்லும் பெரிய புகார் இதுதான். ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுத்தாலும், உடம்பின் எடையில் கீழ்ப்பக்கப் பஞ்சு நசுங்கி, சூட்டைப் பிடித்து வைக்கும் காற்று வெளியேறிவிடும். அதனால் போர்வையை ஹேமக்கிற்கு வெளியே, அடியில் எலாஸ்டிக் கயிற்றால் கட்ட வேண்டும். இடைவெளி இல்லாமல் ஒட்டினாற்போல இருக்கணும்; நசுங்கவும் கூடாது. ஃபோம் பாய் இருந்தால், கால்பக்கம் ஒன்றரை அடி வெட்டி, தோள்பட்டை இடத்தில் குறுக்காக ஒட்டிவிடலாம். குளிர் அதிகம் தெரிவது தோளில்தான்.

மீன்சுருட்டி மாதிரி சமவெளியில் குளிரைவிடக் கொசுதான் தொல்லை. மெல்லிய நைலான் வழியாக அடியிலிருந்தே கடித்துவிடும். வலை அடிப்பக்கத்தையும் சுற்றி மூட வேண்டும், அல்லது இரட்டைத் துணி ஹேமக் வேண்டும். மழைக்கு மேலே தார்ப்பாய் கட்டினாலும் கயிறு வழியே தண்ணீர் உள்ளே இறங்கும். தார்ப்பாய்க்குள் வரும் கயிற்றில் ஒரு நூல்துண்டைக் கட்டித் தொங்கவிட்டால் அதிலேயே சொட்டிவிடும்.

முந்திரித் தோப்பில் கட்டுவதானால் தோப்புக்காரரிடம் அனுமதி கேட்டு, கிளையில் இல்லாமல் தடித்த அடிமரத்தில், பட்டையை அறுக்காத அகலமான பெல்ட்டால் கட்டுங்கள். முருங்கை வேண்டவே வேண்டாம், சட்டென்று முறியும். உட்கார்ந்தால் ஹேமக் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் போகக் கூடாது.