ஆரணி மண் ஈன்ற அறிவாசான் சுவாமி சகஜானந்தர்

கார்த்திகைத் தீபத்தன்று நம் திருவண்ணாமலையில் பல்லாயிரம் கண்கள் மலையுச்சியை நோக்குகின்றன. இம்மாவட்டத்து மண்ணில் தோன்றி, மற்றொரு திருத்தலமாகிய சிதம்பரத்தில் கல்வி விளக்கேற்றிய பெருமகனார் ஒருவரை நம் இளைஞருள் எத்தனை பேர் அறிவர்? அவரே சுவாமி சகஜானந்தர்.

ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கம் அன்று வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. அங்கு 1890 சனவரி 27ஆம் நாள் அண்ணாமலை, அலமேலு இணையர்க்கு மகனாகப் பிறந்தார். இயற்பெயர் முனுசாமி. சேரிச் சிறுவனுக்குப் பள்ளித் திண்ணையும் எட்டாதிருந்த காலம் அது. திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன் பள்ளியில் பயின்றார். படிப்பு இடையில் நின்றது. பெற்றோருடன் கோலார் தங்கவயல் சென்றார். ஆயினும் அறிவு வேட்கை தணியவில்லை. சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகளை அடைந்து, தமிழும் சமய நூல்களும் கற்றுத் துறவியானார்.

1910ஆம் ஆண்டில் சிதம்பரம் சென்றார். அங்கு அவர் கண்டது என்ன? நந்தனாரை நாயன்மாருள் ஒருவராக வணங்கிய ஊரில், நந்தனார் மரபினர் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். அவர்தம் பிள்ளைகளுக்குக் கல்வியும் இல்லை. நந்தனார் கதையைச் சொல்லிக் கேட்போரைக் கண்ணீர் சிந்தச் செய்வதோடு பிரசங்கிகள் பலர் நின்றுவிடுவர். நாவன்மை மிக்க சகஜானந்தரோ அந்நந்தனார் பெயராலேயே 1916இல் பள்ளி கண்டார். 25 மாணவருடன் தொடங்கிய அப்பள்ளி, விடுதியும் உயர்நிலைக் கல்வியும் கொண்டதாக வளர்ந்தது. தம் சொல்லைக் கேட்டு எழுச்சி பெற்ற சிறுவனுக்கு மறுநாள் உட்கார்ந்து படிக்க ஓர் இடமும், உண்ண ஒரு பிடி சோறும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1926இல் சென்னைச் சட்டசபை உறுப்பினரான பின்னர் அங்கும் நம் மக்களின் கல்விக்காகக் குரல் கொடுத்தார். விடுதலைக்குப் பின் சிதம்பரம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கி, 1959 மே 1ஆம் நாள் மறைந்தார். நந்தனார் பள்ளிகள் இன்றும் அங்கு அரசு மேல்நிலைப் பள்ளிகளாக நிலவுகின்றன.

இளைஞர்களே! இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிடாதீர். நம் மாவட்டத்துத் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் காவல்துறைப் பாதுகாப்புடன் நுழைந்தது 2023 சனவரி 30ஆம் நாளில்தான். சட்டம் வழி திறந்தாலும், உரிமையை அறிந்து கேட்கும் துணிவைக் கல்வியன்றோ தர வேண்டும்?

உங்கள் குடும்பத்தில் முதன்முதல் பட்டம் பெற்றவர் நீங்களாயின், அப்பட்டம் உங்களோடு முடிவதன்று. உங்கள் தெருவில் அடுத்துப் படிக்க வேண்டிய பிள்ளை யார் என்று பாருங்கள். அப்பிள்ளைக்கு ஊக்கமொழி கூறுங்கள். கூறியபின் கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள். வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கம் சகஜானந்தர்க்குச் செலுத்தத்தக்க நன்றிக்கடன் இதுவே.