பவளத் தொட்டிக்கான பேட்டரி பம்புகள்

வீட்டில் வளர்க்கும் கடல்நீர்ப் பவளத் தொட்டியில், மின்சாரம் இல்லாத நேரத்திலும் நீரோட்டத்தையும் காற்றோட்டத்தையும் நிறுத்தாமல் வைத்திருக்க உதவும் சிறு கருவிகளே பேட்டரி பம்புகள். தொட்டியின் அடிமணலில் தேங்கும் கழிவை உறிஞ்சவும், தண்ணீர் நிரப்பவும் பயன்படும் கையடக்கப் பேட்டரி பம்புகளும் இதே வகையைச் சேர்ந்தவை. கடைகளில் துப்புரவுக் கருவிகள்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் தொட்டியின் உயிர் மின்தடையின்போது ஓடும் பம்பில்தான் இருக்கிறது.

கடலுக்குத் தொலைவிலுள்ள இடத்துக்கு எடுத்துக்காட்டாக, மதுரை மாநகரின் வடமேற்கில், கூடல் நகரை ஒட்டியிருக்கும் ஆனையூரை எடுத்துக்கொள்வோம். மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள மண்டபம் அங்கிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்திலிருந்து கடல்நீரைக் கொண்டுவருவது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆர்.ஓ. வடிகட்டியில் சுத்திகரித்த தண்ணீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து, ஒப்படர்த்தி 1.025 அளவுக்குக் கொண்டுவருவதே வழக்கம். ஆழ்குழாய்த் தண்ணீரை நேரடியாகப் பயன்படுத்தினால் அதிலுள்ள உப்புகளும் நைட்ரேட்டும் பாசியைக் கிளப்பிவிடும். சமவெளியில் ஒரு பவளத் தொட்டி என்பது முழுக்க முழுக்கச் செயற்கையான கடல். அதன் அலையும் காற்றும் பிளக்கில் தொங்குகின்றன.

மின்சாரம் நின்றதும் நடப்பது

நன்னீரைவிடக் கடல்நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறக்குறைய 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் நிற்கும், கடல்நீரில் 6.7 மில்லிகிராம்தான். வெப்பம் 30 டிகிரி ஆனால் அதுவும் 6.2-க்கு இறங்கிவிடும். சித்திரை, வைகாசி மாதங்களில் மதுரையில் வெயில் 40 டிகிரியை நெருங்குகிறது. அந்தப் பகலில், நீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்றுபோன தொட்டி 30 டிகிரியைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. இருப்பு இப்படிக் குறையும் அதே வேளையில் செலவு கூடுகிறது. நீர் சூடாகச் சூடாக மீன் வேகமாக மூச்சுவிடும். பவளமும், பாறையின் துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்களும் ஆக்சிஜனைக் கூடுதலாக இழுக்கும்.

பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசி வெளிச்சம் உள்ளவரை ஆக்சிஜனை உண்டாக்கும். அதனால் பகல் நேர மின்தடை பாதிப்பில்லாதது என்று பலர் நினைப்பதுண்டு. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் தொட்டிக்கு விளக்கு அணைந்தால் அதுவே இரவு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தும் மின்சாரம் மாலை வரை வராத நாட்களில், தொட்டிக்கு நடுப்பகலில் ஓர் இரவு வந்துபோகிறது.

தமிழ்நாட்டில் 2008 முதல் சில ஆண்டுகள் நீடித்த மின்பற்றாக்குறையில், குறிப்பாக 2012-இல், சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாத ஊர்கள் இருந்தன. அந்த நிலை இன்று இல்லை. ஆனாலும் கோடை மழையோடு அடிக்கும் காற்றில் ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்தால் போதும், தெரு முழுவதும் மணிக்கணக்கில் இருட்டு.

முதலில் தவிப்பது மீன்கள். மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இந்த அறிகுறி தெரியும்போது நேரம் ஏற்கெனவே கடந்துவிட்டது. ஓர் உயிர் இறந்தால் அது அழுகி அம்மோனியாவை விடும்; அழுகலே மேலும் ஆக்சிஜனைத் தின்னும். கேனிஸ்டர் வடிகட்டி போன்ற மூடிய பெட்டி இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அதற்குள் அடைபட்ட நீரில் சில மணி நேரத்தில் பாக்டீரியா மடியத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் வடிகட்டி தானாக ஓடி அந்தக் கெட்ட நீரைத் தொட்டிக்குள் தள்ளும். நீண்ட மின்தடைக்குப் பிறகு அதைத் திறந்து அலசிவிட்டே ஓடவிட வேண்டும்.

வகைகள்

மிக எளியது பேட்டரி ஏர் பம்ப். இரண்டு பெரிய டார்ச் செல்கள் போட்டு ஓடுவது, யு.எஸ்.பி. வழியாக சார்ஜ் ஆகும் லித்தியம் செல் உள்ளது என இரண்டும் கிடைக்கின்றன. மெல்லிய குழாயின் முனையில் ஏர் ஸ்டோன் பொருத்தி நீருக்குள் விட்டால் குமிழ்கள் எழும். அந்தக் குமிழ்களிலிருந்து நேரடியாகக் கரையும் ஆக்சிஜன் கொஞ்சம்தான். குமிழ்கள் மேலே போகும்போது அடிநீரையும் உடன் இழுத்துச் சென்று மேற்பரப்பைக் கலைப்பதே பெரிய பலன், ஏனெனில் காற்றும் நீரும் வாயுவை மாற்றிக்கொள்வது மேற்பரப்பில்தான். மெயின் கரண்ட் நின்றதைத் தானே உணர்ந்து ஓடத் தொடங்கும் மாதிரிகளும் உண்டு. பகலில் ஆளில்லாத வீட்டுக்கு அவையே பொருத்தம். பம்ப் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், அது நின்றதும் நீர் குழாய் வழியாகப் பின்னோக்கி வந்துவிடும். குழாயின் நடுவில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வைப் போட்டால் அந்தக் கவலை இல்லை.

அடுத்தது நேர்மின் வேவ்மேக்கர். 12 அல்லது 24 வோல்ட்டில் ஓடும் இந்தப் பம்புகள் குறைந்த மின்சாரத்தில் அகலமான ஓட்டத்தைக் கொடுப்பவை. அமெரிக்காவின் எக்கோடெக் மரைன் நிறுவனத்தின் வோர்டெக் பம்பில் மோட்டார் கண்ணாடிக்கு வெளியே இருக்கும். காந்தத்தின் வழியாக உள்ளே விசிறி சுழலும். பேட்டரியில் ஓடும்போது அது வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் இருப்பு நீண்ட நேரம் வரும். ஜெர்மனியின் டுன்சே நிறுவனம், மெயின் கரண்ட் போனதும் பம்பைப் பேட்டரிக்கு மாற்றிவிடும் இணைப்புக் கருவியை விற்கிறது. மின்தடையில் இப்படி ஒரு பம்ப் ஓடினால் போதும், அதன் முகம் மேற்பரப்பை நோக்கிச் சற்றே சாய்ந்திருந்தால்.

பவர் பேங்கில் ஓட்டுவோரும் உண்டு. 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருப்பது 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. அது 37 வாட் மணி. மாற்றும்போது போகும் இழப்பைக் கழித்தால் கைக்கு வருவது 30 வாட் மணி அளவுதான். 2 வாட் ஏர் பம்ப் அதில் 15 மணி நேரம் ஓடும். ஆனால் பல பவர் பேங்குகள் மிகக் குறைந்த மின்னோட்டத்தைக் கண்டால் போன் சார்ஜ் ஏறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அணைந்துவிடும். வாங்கியவுடன் ஒரு முழு இரவு ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

தமிழ்நாட்டு வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் இன்வெர்ட்டரை மறந்துவிட்டுப் பலர் தனிப் பேட்டரிக்குச் செலவு செய்கிறார்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரியில் 1,800 வாட் மணி இருப்பு. அதில் பாதியை மட்டும் எடுத்தாலும், 10 வாட் வேவ்மேக்கரும், கழிவை நுரையாகப் பிரிக்கும் 15 வாட் ஸ்கிம்மரும் ஒரு நாளுக்கு மேல் ஓடும். மின்விசிறிகளும் அதே பேட்டரியில் ஓடினால் நேரம் குறையும். ஸ்கிம்மர் காற்றை நீரோடு கடைவதால் ஆக்சிஜனுக்கும் அது நல்ல துணை. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் மாறுமின் பம்புகள் இரைச்சலிட்டுச் சூடாகும். சைன் வேவ்தான் நல்லது. சில்லரை இதில் மாட்டக் கூடாது, பேட்டரி தாங்காது. பதிலுக்கு மேற்பரப்பின் குறுக்கே ஒரு சிறு விசிறியை வைத்தால், நீர் ஆவியாவதால் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றினால் செறிவு ஏறிவிடும்.

துப்புரவில்

பேட்டரியில் ஓடும் மணல் உறிஞ்சி, கழிவை வலைப்பையில் பிடித்துக்கொண்டு நீரைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும். நன்னீர்த் தொட்டிக்கு இது வசதி. பவளத் தொட்டியின் கழிவோ மாவுபோல நுண்மையானது. வலையைத் தாண்டி மீண்டும் நீரில் கலந்துவிடும். இங்கே சாதாரண சைஃபன் குழாயே மேல், ஏனென்றால் அது கழிவோடு பழைய நீரையும் வெளியேற்றுகிறது. வாரத்துக்குப் பத்து சதவீத நீரை மாற்றுபவருக்கு இந்த இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

உண்மையில் உதவும் பேட்டரிக் கருவி வேறொன்று: இருபது லிட்டர் தண்ணீர் கேனின் வாயில் மாட்டி, பொத்தானை அழுத்தினால் டம்ளரில் தண்ணீர் ஊற்றும் கேன் பம்ப். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இதன் நெகிழ்குழாயைக் கேனில் இறக்கி, வாய்க்குழாயில் இன்னொரு குழாயைச் செருகி, தொட்டிக்குக் கீழேயுள்ள துணைத்தொட்டியான சம்ப்புக்குள் விட்டால், கேனைத் தூக்கிச் சாய்க்காமல் ஆர்.ஓ. தண்ணீர் நிரப்பலாம். உப்பு கலந்த நீருக்கு மட்டும் இதைப் பயன்படுத்தக் கூடாது. எஃகு வாய்க்குழாய் துருப்பிடித்து, அந்த உலோகம் தொட்டிக்குள் போகும். பவளமும் இறாலும் உலோகக் கசிவைத் தாங்குவதில்லை.

பம்புகளுக்கும் துப்புரவு தேவை. இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசியும் குழாய்ப்புழுக்களும் விசிறியின் மேல் கல்லாகப் படிந்து அதைப் பிடித்துக்கொள்ளும். இழுவை கூடிய பம்ப் அதிக மின்சாரம் குடிக்கும். பேட்டரியில் ஓடும்போது இந்த வித்தியாசம் மணிக்கணக்கில் தெரியும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் ஊறவைத்தால் படிவு நுரைத்துக் கரையும். பழைய பல்துலக்கியால் தேய்த்து நல்ல தண்ணீரில் அலசிப் பொருத்த வேண்டும்.

சட்டம்

தொட்டியில் எதை வளர்க்கலாம் என்பதற்குச் சட்ட வரம்பு உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001-இல் சேர்க்கப்பட்டன. கரும்பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவையும் அதில் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு பவளத் துண்டை எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். அந்தப் பாறைகள் சுண்ணாம்புக்காக வெட்டப்பட்டும், 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறி வெளிறியும் பட்ட பாடு போதும். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்யும் கடமையும் 2022 திருத்தத்தில் வந்தது. எனவே புதிதாகத் தொடங்குவோர் சுடுமண் பாறைகளோடும், பண்ணையில் பிறந்த கோமாளி மீன்களோடும் தொடங்குவது சரியான வழி. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மீன்களைக் குஞ்சு பொரிக்க வைக்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கியிருக்கிறது. அதன் மண்டபம் மையம் அதில் பங்காற்றியது. கோமாளி மீன் தொட்டிக்கும் மின்தடையில் ஓடும் பம்ப் தேவை.

பராமரிப்பு

பயன்படாமல் கிடக்கும் பேட்டரியே அவசர நேரத்தில் கைவிடுகிறது. செல்களைப் பம்புக்குள் போட்டு மாதக்கணக்கில் விட்டால் கசிந்து தொடுமுனைகளை அரிக்கும். லித்தியம் வகையை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் செய்ய வேண்டும். தொட்டியின் ஈரக்காற்றில் உப்பு மாவாகப் படிவதால், பேட்டரிப் பெட்டியை நீர்மட்டத்திலிருந்து தள்ளி உயரத்தில் வைப்பார்கள். பராமரிப்பு மின்தடை அறிவிப்பு வரும் நாள் சோதனைக்கு நல்ல நாள்: மின்சாரம் போவதற்கு முன்பே மெயின் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால், பம்ப் தானாக ஓடுகிறதா, சம்ப்புக்குத் திரும்பும் நீர் விளிம்பைத் தாண்டாமல் நிற்கிறதா என்று இரண்டும் தெரிந்துவிடும்.