மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள்: யாழ்ப்பாணம், 1990 – 1995

1990 முதல் 1995 வரையான காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓடிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோலுக்கென வடிவமைக்கப்பட்ட எஞ்சினை, சில துளி பெற்றோலில் இயக்கிச் சூடாக்கி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவதே அந்த முறை. போர்க்காலப் பொருளாதாரத் தடை இந்த நடைமுறையைக் கட்டாயமாக்கியது. எரிபொருளைத் தேர்வு செய்வதும் சிக்கனமாகப் பயன்படுத்துவதும் ஒரு சமூகத்தின் அன்றாட வாழ்வை எவ்வளவு ஆழமாகத் தீர்மானிக்கின்றன என்பதற்கு இலங்கைத் தமிழர் வரலாற்றிலுள்ள தெளிவான எடுத்துக்காட்டு இதுவாகும்.

பின்னணி

1990 ஆம் ஆண்டு மார்ச்சில் இந்தியப் படை இலங்கையை விட்டு வெளியேறியது. அதே ஆண்டு ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியது. குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இக்காலத்தில், வடக்குக்கு எடுத்துச் செல்லும் பொருட்கள் மீது அரசு கடும் தடை விதித்தது. பெற்றோல், டீசல், மின்கலம், இரசாயன உரம் போன்றவை தடைப் பட்டியலில் இருந்தன. மண்ணெண்ணெய் மட்டுமே மட்டுப்படுத்திய அளவில் அனுமதிக்கப்பட்டது. ஆனையிறவு ஊடான தரைவழி அடைபட்டதால் மக்கள் பின்னர் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்தே வன்னிக்குச் சென்றுவந்தனர். தேசிய மின் வலையமைப்பிலிருந்து மின்சாரமும் கிடைக்கவில்லை.

தடையை மீறி வந்த பெற்றோல் சிறு அளவில் கள்ளச் சந்தையில் கிடைத்தது. அதன் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஆகவே வண்டி வைத்திருந்தவருக்கு இரண்டு வழிகளே எஞ்சின. ஒன்று, வண்டியை மூலையில் நிறுத்திவிட்டுச் சைக்கிளில் ஏறுவது. மற்றது, மண்ணெண்ணெயில் ஓட்டப் பழகுவது.

முன்பே இருந்த அறிவு

இந்த முறை திடீரென்று பிறந்ததன்று. ஆறுகள் இல்லாத யாழ்ப்பாணத்தில் வேளாண்மை கிணற்றுநீரை நம்பியது. துலா மிதித்து நீர் இறைத்த தோட்டங்களில் 1950கள், 1960களில் நீர் இறைக்கும் இயந்திரங்கள் பரவின. அவற்றில் பல பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் வகையைச் சேர்ந்தவை. எஞ்சின் சூடாகும் வரை காத்திருந்து எரிபொருளை மாற்ற வேண்டும் என்பது வெங்காயமும் புகையிலையும் பயிரிட்ட தோட்டக்காரருக்கு நன்கு தெரிந்த பாடம்.

உலக அளவிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் பிரித்தானியாவில் ஓடிய பல உழவு இயந்திரங்கள், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறுமாறு தொழிற்சாலையிலேயே வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் எஞ்சினின் அழுத்த விகிதம் குறைக்கப்பட்டிருந்தது. எரிபொருள் ஆவியாவதற்காக உள்ளிழு குழாயைச் சூடாக வைத்திருக்கும் ஏற்பாடும் இருந்தது. யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்களுக்கு இந்த வசதிகள் எதுவும் இல்லை.

பெற்றோலும் மண்ணெண்ணெயும்

இரண்டும் மசகு எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்படுபவையே. ஆனால் கொதிநிலை வேறு. பெற்றோலின் கூறுகள் ஏறத்தாழ 30 பாகை செல்சியசிலிருந்து 200 பாகை வரையான வெப்பநிலையில் ஆவியாகின்றன. மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 150 பாகை முதல் 300 பாகை வரை தேவை. எனவே குளிர்ந்த எஞ்சினுக்குள் செல்லும் மண்ணெண்ணெய் வாயுவாக மாறாமல் துளிகளாகவே நிற்கிறது. பிளக்கின் பொறி அதைப் பற்றவைப்பதில்லை. எத்தனை தடவை உதைத்தாலும் வண்டி இயங்காததற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது சிக்கல் ஆக்டேன் எண். எரிபொருள் அழுத்தத்தைத் தாங்கி, உரிய நேரத்துக்கு முன் தானாகத் தீப்பற்றாமல் இருக்கும் தன்மையை இந்த எண் குறிக்கிறது. அக்காலத்தில் இலங்கையில் விற்ற சாதாரண பெற்றோலின் எண் 90 அளவில் இருந்தது. மண்ணெண்ணெயின் எண் அதில் பாதியைக்கூட எட்டாது. சிறிய ஜப்பானிய எஞ்சின்கள் காற்று எரிபொருள் கலவையை எட்டில் ஒரு பங்கு அளவுக்கு அழுத்துபவை. அந்த அழுத்தத்தில் மண்ணெண்ணெய் ஒழுங்கற்று வெடித்து, எஞ்சினுக்குள் உலோகத்தைத் தட்டுவது போன்ற ஒலியை எழுப்பும். ஏற்றத்திலும் பாரம் ஏற்றியபோதும் இந்தத் தட்டல் கூடும்.

ஓட்டிய முறை

எஞ்சினைத் தொடக்குவதற்கென ஒவ்வொரு வண்டியோடும் சிறு போத்தலில் பெற்றோல் இருந்தது. மெல்லிய குழாய் பொருத்திய போத்தலை அழுத்தியோ ஊதியோ காபரேற்றருக்குள் சில துளிகளைச் செலுத்துவர். உதைத்தவுடன் எஞ்சின் அந்தப் பெற்றோலில் பற்றிக்கொள்ளும். அது அடங்குவதற்குள் மண்ணெண்ணெய் வந்து சேர வேண்டும். எஞ்சின் அணையாமலிருக்க அக்ஸிலேற்றரைத் திருகிப் பிடிக்க வேண்டும். முதல் சில நிமிடங்கள் வெண்புகையும் கண்ணைக் கரிக்கும் நெடியும் எழும். சூடேறியதும் ஓட்டம் சீராகும்.

இந்த முறையில் நிறுத்துவதே பெரிய இழப்பு. எஞ்சின் ஆறிவிட்டால் மறுபடியும் பெற்றோல் துளிகள் வேண்டும். ஆகவே குறுகிய தூரத்துக்கு வண்டியை எடுப்பதைத் தவிர்த்தனர். பல வேலைகளை ஒரே பயணத்தில் முடித்தனர். சிக்கனம் எஞ்சினில் மட்டுமன்றிப் பயணத் திட்டத்திலும் புகுந்தது.

எஞ்சின் கொடுத்த விலை

கணக்கின்படி பார்த்தால் மண்ணெண்ணெய் மட்டமான எரிபொருள் அன்று. அது பெற்றோலை விட அடர்த்தி கூடியது. ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 32 மெகாயூல் ஆற்றல் இருக்க, ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் ஏறத்தாழ 35 மெகாயூல் உண்டு. ஆனால் முழுமையாக எரிந்தால்தான் அந்த ஆற்றல் சக்கரத்துக்கு வரும். பெற்றோல் எஞ்சினில் அது முழுமையாக எரிவதில்லை. எரியாத பகுதி கரியாகப் பிளக்கிலும் வால்விலும் புகைபோக்கியிலும் படிந்தது. பிளக்கைக் கழற்றித் தேய்ப்பது அன்றாட வேலையாயிற்று.

அதைவிட மோசமான பாதிப்பு வெளியே தெரியாமல் நடந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கி எஞ்சின் ஒயிலுடன் கலந்தது. ஒயில் நீர்த்துப் போனதும் உராய்வு கூடி, வளையங்களும் தாங்கிகளும் விரைவில் தேய்ந்தன. ஒயிலை அடிக்கடி மாற்றுவதே இதற்கு மருந்து. ஆனால் தடைக்காலத்தில் ஒயிலும் எளிதில் கிடைக்கும் பொருளாக இருக்கவில்லை. உதிரிப் பாகங்களும் அப்படியே. எரிபொருளில் மிச்சம் பிடித்தவர் அந்த மிச்சத்தின் ஒரு பகுதியை எஞ்சினின் ஆயுளாகத் திருப்பிக் கொடுத்தார் எனலாம். கராச்சுகளில் பழைய வண்டிகளைப் பிரித்து, அவற்றின் பாகங்களால் மற்ற வண்டிகளை ஓட வைத்தனர்.

எந்த வண்டிகள் தாக்குப்பிடித்தன?

1977 ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின் ஜப்பானிய மோட்டார் சைக்கிள்கள் இலங்கைக்குப் பெருமளவில் வந்தன. அவற்றுள் ஹொண்டா நிறுவனத்தின் 50, 90 சி.சி. வண்டிகள் யாழ்ப்பாணத்தில் மதிப்புப் பெற்றவை. ஜப்பானியத் தபால் சேவைக்கென உருவாக்கப்பட்ட எம்.டி. 90, பயன்படுத்திய வண்டியாக இங்கு இறக்குமதியானது. இந்தச் சிறு நான்கு வீச்சு எஞ்சின்கள் நல்ல நிலையில் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடியவை. எளிய அமைப்பு என்பதால் சாதாரண கருவிகளைக் கொண்டே கழற்றிப் பூட்டலாம்.

கார்களிலும் இதே விதிதான். அழுத்த விகிதம் குறைந்த பழைய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்றவை மண்ணெண்ணெயை ஏற்றுக்கொண்டன. புதியதும் வேகமானதுமான எஞ்சின் திணற, பழையதும் மந்தமானதும் ஓடியது. வண்டியின் மதிப்பை அளக்கும் கோலே இக்காலத்தில் தலைகீழாக மாறியது.

ஒரு லீற்றரின் கணக்கு

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்கு ஏறத்தாழ 33 கிலோமீற்றர். போய்வர ஒரு லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக எரிபொருள் தேவை. அதே மண்ணெண்ணெய்தான் வீட்டின் விளக்குக்கும் அடுப்புக்கும் தோட்டத்து இறைப்பு இயந்திரத்துக்கும் வேண்டியிருந்தது. மின்சாரம் இல்லாத அந்த ஆண்டுகளில் மாணவர்கள் ஜாம் போத்தலில் சிறிதளவு எண்ணெயும் மெல்லிய திரியும் வைத்துச் செய்த விளக்கில் படித்துப் பரீட்சை எழுதினர். எண்ணெய் மிச்சம் பிடிப்பதற்காகவே உருவான விளக்கு அது.

ஆகவே வண்டிக்கு ஊற்றும் ஒவ்வொரு லீற்றரும் பல இரவுகளின் விளக்கொளியிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வதும், ஒரு பிள்ளை இரவில் படிப்பதும், கன்றுகளுக்கு நீர் இறைப்பதும் ஒரே கலனில் இருந்த எண்ணெய்க்குப் போட்டியிட்டன. குடாநாட்டின் முதன்மை வாகனமாகச் சைக்கிள் ஆனதற்கு இந்தக் கணக்கே காரணம். பாரம் ஏற்றவும் ஆட்களைக் கொண்டுசெல்லவும் சைக்கிளே பயன்பட்டது. அதன் டைனமோவைச் சுழற்றி வானொலியும் கேட்டனர்.

பிற்காலம்

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் இடம்பெயர்ந்தனர். அதன்பின் குடாநாடு படையினரின் கட்டுப்பாட்டுக்குள் வந்து, எரிபொருள் கப்பல் வழியாக வரத் தொடங்கியது. தடை தொடர்ந்த வன்னியில் மண்ணெண்ணெய் வண்டிகளும் தொடர்ந்தன. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்பாட்டுக்குப் பின் ஏ9 பாதை திறக்கப்பட்டபோது பெற்றோல் தாராளமாகக் கிடைத்தது. பழைய போத்தலுக்குத் தேவை இல்லாமற் போயிற்று.

2022 இல் இலங்கை முழுவதும் பொருளாதார நெருக்கடியில் சிக்கியபோது எரிபொருள் வரிசை மீண்டும் வந்தது. அவ்வாண்டு அறிமுகமான எரிபொருள் அனுமதி முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் ஒதுக்கப்பட்டது. ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. மலிவான மாற்று எரிபொருள் என்ற நிலையை அது இழந்தது. மண்ணெண்ணெயை நம்பிய மீனவர்களும் தோட்டக்காரர்களும் இதில் அதிகம் பாதிக்கப்பட்டனர்.

மதிப்பீடு

மோட்டார் சைக்கிளின் எரிபொருள் சிக்கனம் இன்று பெரும்பாலும் ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்ற எண்ணாலேயே பேசப்படுகிறது. யாழ்ப்பாணத்தின் அந்த ஆண்டுகள் வேறு இரண்டு கேள்விகளையும் அதனுடன் சேர்க்கின்றன. அந்த எரிபொருள் எஞ்சினின் ஆயுளில் எவ்வளவைத் தின்கிறது? அதே எரிபொருள் வீட்டில் வேறு எதற்குத் தேவைப்படுகிறது? தடைக்கால மக்கள் மூன்று கேள்விகளுக்கும் ஒருசேர விடை கண்டே வண்டியை எடுத்தனர். பெரும்பாலான நாட்களில் கிடைத்த விடை, வண்டியை விட்டுச் சைக்கிளை எடுப்பது என்பதாகவே இருந்தது.