தொலைதூரத்து வழக்காளி: ரோஹிஞ்சா வழக்கும் அண்டை நாடுகளின் கடமையும்

ரோஹிஞ்சா சிறுபான்மையினரை இனப்படுகொலை செய்ததாக மியன்மர் மீது 2019 நவம்பர் 11 அன்று ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த நாடு காம்பியா. மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் ஆற்றின் இரு கரையோரம் ஒடுங்கியிருக்கும் இந்த நாட்டின் மக்கள்தொகை முப்பது லட்சத்தைக்கூட எட்டவில்லை. அதன் அப்போதைய நீதித்துறை அமைச்சர் அபூபக்கர் தம்பது, ருவாண்டா இனப்படுகொலைக்கான தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்திப் பழகியவர். ரோஹிஞ்சா அகதிகள் தங்கியுள்ள வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களை நேரில் கண்டவர். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு வழக்குக்குத் துணைநின்றது. உலக மனசாட்சி விழித்துக்கொண்டதன் அடையாளம் என்று இவ்வழக்கைப் புகழ்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் வழக்காட வந்தவரைவிட வராதவர்களே இதில் கூடுதலாகக் கவனிக்கத்தக்கவர்கள் என்பது என் கருத்து.

2017 ஆகஸ்டில் மியன்மர் ராணுவம் தொடங்கிய நடவடிக்கைக்குப் பின் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிஞ்சாக்கள் வங்கதேசத்துக்குள் தஞ்சம் புகுந்தார்கள். பாதிப்பின் சுமையைத் தாங்கிய வங்கதேசத்தால் வழக்குத் தொடுக்க முடியவில்லை. 1948-ஆம் ஆண்டின் இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தின் 9-ஆம் பிரிவு, தகராறுகளைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல வழிசெய்கிறது. ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது, ஒவ்வொரு வழக்குக்கும் எல்லாத் தரப்பின் சம்மதமும் வேண்டும் என்று அப்பிரிவுக்கு விலக்கு எழுதிவைத்தது வங்கதேசம். இந்தியாவும் அவ்வாறே எழுதியிருக்கிறது. சீனா 9-ஆம் பிரிவுக்குத் தான் கட்டுப்படவில்லை என்று அறிவித்திருக்கிறது. ஆக, மியன்மரின் இந்தப் பெரிய அண்டை நாடுகள் எதனாலும் இந்த வழியில் நுழைய முடியாது. விந்தை என்னவென்றால், மியன்மர் 6, 8 ஆகிய பிரிவுகளுக்கு விலக்கு எழுதியதே தவிர 9-ஆம் பிரிவைத் தொடவேயில்லை.

நேரடியாகப் பாதிக்கப்பட்ட வங்கதேசத்துக்கே இல்லாத உரிமை காம்பியாவுக்கு எப்படி வரும் என்று மியன்மர் கேட்டது. 2022 ஜூலை 22 அன்று நீதிமன்றம் இந்த ஆட்சேபத்தை 15-க்கு 1 என்ற கணக்கில் தள்ளியது. ஒப்பந்தம் மீறப்படக் கூடாது என்பதில் அதை ஏற்ற எல்லா நாடுகளுக்கும் பொதுநலன் உண்டு என்றும், வழக்காட அதுவே போதும் என்றும் சொன்னது. மாறுபட்ட ஒரே நீதிபதி சீனாவின் ஷுவே ஹான்சின். பொதுநலன் இருப்பது வேறு, அதைக் கொண்டு வழக்காடும் தகுதி வேறு என்பது அவர் வாதத்தின் சாரம். அவருடைய நாட்டைச் சுட்டி அந்த வாதத்தை ஒதுக்கிவிடுவது எளிது. நான் அப்படிச் செய்ய மாட்டேன். 1966-இல் இதே வேறுபாட்டைச் சொல்லித்தான் இந்த நீதிமன்றம் எத்தியோப்பியாவையும் லைபீரியாவையும் வெளியேற்றியது. தென்மேற்கு ஆப்பிரிக்காவில், அதாவது இன்றைய நமீபியாவில், நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்கா மீது அவை தொடுத்த வழக்கு அது. வாக்குகள் 7-7 என்று சமமாகி, தலைவர் பெர்சி ஸ்பெண்டரின் கூடுதல் வாக்கால் தோற்றது. ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் அந்த நீதிமன்றத்தின் மீது வைத்திருந்த நம்பிக்கை பல ஆண்டுகளுக்குக் குலைந்துபோனது. 1970-இல் பார்சலோனா டிராக்‌ஷன் தீர்ப்பில் ஒரு பத்தியாகத் துளிர்த்த, எல்லா நாடுகளுக்கும் பொதுநலன் உண்டு என்ற மாற்றுக் கருத்து, 2012-இல் பெல்ஜியம் செனகலுக்கு எதிராக வென்ற வழக்கில் சட்டமானது. நிறவெறி ஒழிந்த தென்னாப்பிரிக்காவே 2023 டிசம்பரில் இஸ்ரேலுக்கு எதிராக இதே வழியில் ஹேக் சென்றது.

வழி திறந்தது உண்மை, ஆனால் அது குறுகலான வழி. இனப்படுகொலை ஒப்பந்தத்தின் கீழ் வந்த வழக்கு என்பதால் நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தின் கடமைகள் மீறப்பட்டனவா என்பதை மட்டுமே தீர்க்கலாம். ரோஹிஞ்சாக்களின் துயரமோ 2017-இல் தொடங்கியதல்ல. 1978-இல் மியன்மர் அரசின் நாகமின் நடவடிக்கையின்போது சுமார் இரண்டு லட்சம் பேரும், 1991-92-இல் சுமார் இரண்டரை லட்சம் பேரும் இதேபோல் ஓடினார்கள். பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். குடியுரிமை மட்டும் கிடைக்கவில்லை. 1982-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கீகரிக்கப்பட்ட இனங்களைக் குடியுரிமையின் அடிப்படையாக்கியது. அரசின் 135 இனங்கள் கொண்ட பட்டியலில் ரோஹிஞ்சா இல்லை. குடியுரிமை மறுப்பை நிலைநிறுத்தியது இந்தச் சட்டமே. ஆனால் ஹேக்கில் அது அழிக்கும் நோக்கத்துக்கு ஒரு சான்றாகலாமே ஒழிய, தனிக் குற்றமாகாது. குடியியல், அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் மியன்மர் சேரவுமில்லை.

2020 ஜனவரி 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாக இடைக்கால உத்தரவு பிறப்பித்தார்கள்: கொலைகளைத் தடுக்க வேண்டும், சான்றுகளைக் காக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். அவ்வறிக்கைகள் பொதுவெளியில் வைக்கப்படவில்லை. மறு ஆண்டு பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பறித்தது. ஹேக்கில் நாட்டுக்காக வாதாடிய ஆங் சான் சூச்சி சிறைப்பட்டார். ஏப்ரலில் ஆசியான் நாடுகள் ஒப்புக்கொண்ட ஐந்து அம்சங்களில் ரோஹிஞ்சாக்கள் பற்றி ஒன்றுமில்லை. ரோஹிஞ்சாக்களின் தாயகமான ராக்கைன் மாநிலத்தில் சீனாவுக்குக் கியாக்பியூ துறைமுகமும் யுன்னானுக்குச் செல்லும் குழாய்களும் இருக்கின்றன. இந்தியாவுக்குக் கலாதான் திட்டமும் சிட்வே துறைமுகமும். தலையிடாமைக்கு இவை போதுமான விளக்கம்.

2021 ஏப்ரல் 8 அன்று ஜம்முவில் அடைக்கப்பட்டிருந்த ரோஹிஞ்சாக்கள் பற்றிய மனுவில் நம் உச்ச நீதிமன்றத்திடம் ஹேக் உத்தரவு சுட்டிக்காட்டப்பட்டது. வேறொரு நாட்டில் நடப்பதைப் பற்றிக் கருத்துச் சொல்ல இயலாது என்ற நீதிமன்றம், உரிய நடைமுறைப்படி நாடு கடத்தலாம் என்றது. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா சேராதது இதற்குக் காரணமாகக் காட்டப்படுகிறது. ஆனால் இனப்படுகொலை ஒப்பந்தத்தை இந்தியா 1959-லேயே ஏற்றுக்கொண்டது. 9-ஆம் பிரிவுக்கு எழுதிய விலக்கு ஹேக்குக்குப் போகும் வழியைத்தான் அடைக்கிறது. தடுக்கும் கடமையை விதிக்கும் 1-ஆம் பிரிவு அப்படியே நிற்கிறது. அந்தக் கடமையின் அளவு என்ன என்பதைச் சர்வதேச நீதிமன்றம் 2007-இல் போஸ்னியா வழக்கில் வரையறுத்தது. சம்பவம் நடக்கும் இடத்திலிருந்து ஒரு நாடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, குற்றம் செய்வோரோடு அதற்குள்ள உறவு எவ்வளவு நெருக்கமானது என்பவற்றைப் பொறுத்தே அது கூடும், குறையும் என்றது. அந்த அளவுகோலால் அளந்தால் காம்பியாவின் பங்கு மிகச் சிறியது. வங்கதேசம், சீனா, இந்தியா ஆகியவற்றின் பங்கு பெரியது. வழக்காடும் உரிமையைப் பற்றி ஏராளமாக எழுதும் அறிஞர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.