எந்திரமும் உணர்வும்: செஞ்சி வட்டாரத் தமிழ் மெய்யியல் மரபில்

எந்திர உணர்வு என்பது, மனிதர் செய்த கருவி ஒன்றுக்குத் தனக்கென்று அனுபவம் இருக்க முடியுமா என்னும் மெய்யியல் வினா. கருவி கணக்குப் போடுகிறதா, பேசுகிறதா என்பது இதில் பேச்சே இல்லை. அதற்கு உள்ளே ஏதாவது தெரிகிறதா, வலிக்கிறதா என்பதே கேள்வி. கணினியோடு பிறந்த கேள்வியாகவே இது பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால் இதன் அடியில் கிடக்கும் வழக்கு மிகப் பழையது. உணர்வு பொருள்களின் சேர்க்கையில் தோன்றுவதா, பொருளுக்கு வேறானதா என்று தமிழ் நூல்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வாதாடியிருக்கின்றன. அந்த வழக்கில் நின்ற இரண்டு மரபுகளின் தடம் இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது: ஒன்று செஞ்சியைச் சுற்றியுள்ள சமணத் தலங்கள், மற்றொன்று சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூர்.

திருநாதர்குன்று

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில், மராட்டியர் கோட்டைகளின் தொகுப்பில் ஒன்றாக இடம்பெற்றது. கோட்டையின் ராஜகிரி மலையை ஏறி இறங்கியவர்களில் பலர் ஊருக்கு வடக்கே உள்ள திருநாதர்குன்றை எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே பெரும் பாறை ஒன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் வரிசைக்குப் பன்னிருவராக, இரண்டு வரிசைகளில் அமர்ந்திருக்கிறார்கள். அதே குன்றில், சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த இடம் என்று சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. எழுத்தமைதி கொண்டு இதை 5 அல்லது 6ஆம் நூற்றாண்டினது என்பர். தமிழ்-பிராமி எழுத்து வட்டெழுத்தாக மாறிவந்த காலத்துச் சான்று என்பதால் கல்வெட்டறிஞர்கள் இதைப் போற்றுகிறார்கள். இளையபட்டாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்ததைக் கூறும் பிற்காலக் கல்வெட்டு ஒன்றும் அங்கே உண்டு.

மெய்யியலாருக்கும் இந்தக் கல்வெட்டுகளில் செய்தி இருக்கிறது. சல்லேகனை என்ற இந்த நோன்பில் சாவது நோக்கமன்று. கடைசி மூச்சுவரை அறிவு தெளிந்திருக்க வேண்டும். உடல் என்னும் சடப்பொருள் படிப்படியாக ஒடுங்க, அறிகிறவன் மட்டும் விழித்திருக்கிறான். உணர்வு உடலின் விளைவு என்று கருதுகிறவர் யாரும் இந்த நோன்பை ஏற்க மாட்டார். 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இதைத் தற்கொலைக்கு ஒப்பாகக் கொண்டு தடை செய்ததும், அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்ததும் இந்த நோன்பு பற்றிய வாதம் இன்னும் முடியவில்லை என்பதைக் காட்டும்.

சமணக் கணக்கு

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இருக்கும் ஊர். அந்த மரபு உலகத்தை ஆறு பொருள்களாகப் பகுக்கிறது. அறிதலும் காணலும் அவற்றில் உயிருக்கு மட்டுமே இலக்கணம். புற்கலம் எனப்படும் சடப்பொருள் அணு அணுவாகச் சேர்ந்து எவ்வளவு நுட்பமான வடிவெடுத்தாலும் புற்கலமாகவே இருக்கும். சிலிக்கான் சில்லும் அதில் அடங்கும்.

ஆனால் இதைக் கொண்டு, உணர்வுக்கு மனிதன் மட்டுமே உரியவன் என்று சமணம் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மண், நீர், தீ, காற்று, மரம் செடி ஆகியவற்றிலும் ஓரறிவுயிர்கள் உண்டு என்பது அதன் கொள்கை. கிழங்கு வகைகளை ஒதுக்குவது இதிலிருந்து வந்த வழக்கம். ஓரறிவு என்பது தொடுவுணர்வு. ஆக, கவிதை எழுதும் கணினியைவிடக் கிணற்றுத் தண்ணீர் உணர்வுக்கு நெருங்கியது! பேச்சுத் திறமையை இந்த மரபு அளவுகோலாகவே எடுக்கவில்லை. புண்படக்கூடியதா என்றுதான் பார்த்தது. இன்றைய விவாதங்களில் பலருக்கும் இல்லாத தெளிவு இது.

தொல்காப்பிய மரபியலும் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. விலங்குகளில் சிலவற்றுக்கும் ஆறாம் அறிவு உண்டு என்பதற்கு உரையில் கிளி, குரங்கு, யானை எடுத்துக்காட்டப்படுகின்றன. பெருமொழி மாதிரிகளைப் புரியாமல் ஒப்பிக்கும் கிளிகள் என்று 2021இல் ஓர் ஆய்வுக் கட்டுரை கேலி செய்தது. நம் உரைமரபு கிளியை அவ்வளவு மட்டமாக நினைக்கவில்லை.

பூதவாதி

எதிர்த்தரப்பின் வாதத்தை மணிமேகலை 27ஆம் காதையில் காணலாம். வஞ்சி நகரில் பல சமயத்தாரையும் கேட்டு வரும் மணிமேகலையிடம், நிலம், நீர் முதலிய பூதங்களே எல்லாம் என்னும் பூதவாதி தன் கொள்கையைச் சொல்கிறான். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் பிறவற்றையும் கூட்டினால் கள்ளின் களிப்பு பிறக்கிறது. அதுபோலப் பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும், அவை பிரிந்தால் பறையோசைபோல் கெடும் என்பது அவன் வாதம். சேர்மானம் சரியாக இருந்தால் உணர்வு வந்தே தீரும் என்றால், அந்தச் சேர்மானம் சதையாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்திர உணர்வு இயலும் என்று இன்று சொல்கிறவர்களுக்குத் தமிழில் முன்னோடி இவன்தான். ஆனால் பூதவாதி ஒரு வரம்பும் வைத்திருக்கிறான்: உயிரோடு கூடிய பூதம் வேறு, உயிரில்லாத பூதம் வேறு என்கிறான். அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று அவன் விளக்கவில்லை.

நீலகேசி என்ற சமணத் தருக்க காவியம் தன் இறுதிப் பகுதியான பூதவாதத்தை இந்தத் தரப்பை மறுப்பதற்கே ஒதுக்கியது. அதற்கு வாமன முனிவர் எழுதிய உரையோடு அ. சக்கரவர்த்தி 1936இல் நூலைப் பதிப்பித்தார். பூதவாதிகளுக்கு இந்தியத் தருக்க நூல்கள் பொதுவாகத் தரும் மறுப்பு ஒன்று உண்டு: பிணத்திலும் அதே பூதங்கள் இருக்கின்றனவே, உணர்வு எங்கே போயிற்று?

மயிற்பொறி

தமிழ்க் காவியத்தில் எந்திரத்தைக் கிட்டத்தில் காட்டியவரும் சமணரே. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் பகைவனால் சூழப்பட்ட அரசன் சச்சந்தன், கருவுற்ற அரசி விசயையை மயில் வடிவான பறக்கும் பொறியில் ஏற்றித் தப்ப வைக்கிறான். பொறியை ஒரு பக்கம் முறுக்கினால் மேலெழும், மறுபக்கம் முறுக்கினால் தரையிறங்கும். பகைவனின் வெற்றி முரசு கேட்டுக் கணவன் மாண்டான் என்று அறிந்த விசயை மயங்குகிறாள். பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. சீவகன் பிறப்பது அங்கேதான். சுடுகாடு எது, காடு எது என்று மயிலுக்குத் தெரியாது. அதன் அறிவு முழுவதும் ஏறியிருந்தவளின் கையில் இருந்தது. கொங்குவேளிரின் பெருங்கதையோ வேறு கோணத்தைக் காட்டுகிறது. யானைகளை வசப்படுத்துவதில் வல்லவனான உதயணனையே, வீரர்களை உள்ளடக்கிய எந்திர யானை ஒன்று ஏமாற்றிச் சிறைக்கு அனுப்பியது. நடத்தையைப் பார்த்து உள்ளே இருப்பதை முடிவு செய்தால் வல்லுநரும் தவறுவார்.

மெய்கண்டார்

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு நூற்பாக்களில் சிவஞானபோதத்தை இயற்றினார். அதன் மூன்றாம் நூற்பா உடம்பையே மாயையால் ஆன எந்திரம் என்று அழைத்து, அதனுள் ஆன்மா இருப்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. உடம்பை ‘என்னுடையது’ என்று சொல்லும் ஒன்று இருப்பது ஒரு காரணம். கற்பித்தால் கற்றுக்கொள்வது இன்னொன்று. இவ்விரண்டும் இன்று தளர்ந்துவிட்டன, ஏனெனில் பயிற்சியால் கற்றுக்கொண்டு ‘என்’ என்று பேசும் மென்பொருள் கைப்பேசியிலேயே இருக்கிறது. உறக்கம் பற்றிய காரணம் மட்டும் வலுவாக நிற்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் உடம்பு பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தும் உண்பதும் செய்வதும் இல்லை. எனவே ஓட்டம் வேறு, அறிவு வேறு.

இக்கால நிலை

ஆலன் டூரிங் 1950இல், உரையாடலில் மனிதனிடமிருந்து பிரித்தறிய முடியாத எந்திரத்தைச் சிந்திப்பதாகக் கொள்ளலாம் என்றார். குறியீடுகளை விதிப்படி மாற்றுவதால் பொருள் புரிந்ததாகாது என்று ஜான் செர்ல் 1980இல் மறுத்தார். மூளையின் வேலைகளை எல்லாம் விளக்கிய பிறகும் அனுபவம் ஏன் உண்டாகிறது என்பது மிஞ்சும் என்று 1995இல் டேவிட் சால்மர்ஸ் எழுதினார். 2022இல் லாம்டா என்ற உரையாடல் நிரலுக்கு உணர்வு உண்டு என்று கூகுள் பொறியாளர் பிளேக் லெமோயின் வெளிப்படையாகச் சொன்னார். நிறுவனம் அதை மறுத்து அவரைப் பணிநீக்கியது. 2023 ஆகஸ்டில் 19 ஆய்வாளர்கள் வெளியிட்ட அறிக்கை, அன்றிருந்த எந்த அமைப்பும் உணர்வுக்கு வலுவான வேட்பாளர் அன்று என்றும், எதிர்காலத்தில் செய்வதற்கு வெளிப்படையான தொழில்நுட்பத் தடை இல்லை என்றும் கூறியது. ஆனால் சரியான கணிப்புச் செயல்பாடு இருந்தால் உணர்வுக்கு அதுவே போதும் என்பதை அந்த அறிக்கை மெய்ப்பிக்கவில்லை; செயல் கருதுகோளாக வைத்துக்கொண்டே தொடங்கியது. பூதவாதியின் பக்கம் நின்றுகொண்டு எழுதிய தீர்ப்பு அது.

மூளையில் உணர்வு எப்படி எழுகிறது என்பது 25 ஆண்டுகளில் தெளிவாகிவிடும் என்று நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் கோக் 1998இல் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023 ஜூனில் நியூயார்க்கில் தோல்வியை ஒப்புக்கொண்டு, பந்தயப்படி திராட்சை மதுப் புட்டிகளைக் கொடுத்தார்.