பளபள பெயிண்ட்... உள்ளே துரு! எம்ஜிபி கிளாசிக் காரின் 'முதுகெலும்பை' சரிசெய்வது எப்படி?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறவங்க முதல்ல திறந்து பார்க்கிறது பானட்டைத்தான். ஆனா இன்ஜின் கெட்டுப்போனா கழற்றி மாத்திடலாம். காரோட உடம்பே உளுத்துப்போனா? இதைப் புரிஞ்சுக்க, பிரிட்டனின் எம்ஜிபி கார் நல்ல உதாரணம். இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரான கார் இது.

துரு பிடிச்சா ஏன் ஆபத்து?

இதற்கு முந்தைய எம்ஜிஏ காரில் தனி சேஸிஸ் உண்டு. எம்ஜிபி-யில் அது கிடையாது, பாடிதான் எல்லா பாரத்தையும் தாங்கணும். கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஓடும் 'சில்' என்ற பெட்டி போன்ற அமைப்புதான் இதன் முதுகெலும்பு. கூரை இல்லாத ரோட்ஸ்டர் மாடலில் இதன் சுமை இன்னும் அதிகம்.

பிரிட்டனில் குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க சாலையில் உப்பு தூவுவாங்க. சக்கரம் வாரியடிக்கும் உப்பும் சேறும் முன் ஃபெண்டருக்குள் தங்கி, சில் பெட்டிக்குள் இறங்கிடும். துரு உள்ளிருந்து அரிச்சுக்கிட்டு வரும். வெளியே பெயிண்ட் கொப்பளிக்கும்போது உள்ளே சேதம் ஏற்கெனவே பெரிசாகியிருக்கலாம்.

எப்படி கண்டுபிடிக்கிறது?

* கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா இருக்கான்னு பாருங்க.
* ஜாக்கியில் தூக்கும்போது அந்த இடைவெளி மாறினா, பாடி வளையுதுன்னு அர்த்தம்.
* சில் மேல காந்தத்தை வைங்க. ஒட்டலைன்னா அங்கே பட்டி பூசியிருக்காங்க.
* சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இருக்கும் பேட்டரி பெட்டியையும் பாருங்க. துரு பிடிக்கும் இன்னொரு இடம் அது.

சரிசெய்வது எப்படி?

1. வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி, பெட்ரோல் டேங்க், சீட், கார்பெட் எல்லாத்தையும் கழற்றணும். தீயணைப்பான் பக்கத்திலேயே இருக்கணும்.

2. காரை மட்டமா நிறுத்தி, கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்பு ஆங்கிள் வச்சு வெல்டு பண்ணணும். இதைச் செய்யாம சில்லை வெட்டினா பாடி நடுவில் தொய்ஞ்சிடும். அப்படியே புது தகட்டை வெல்டு பண்ணிட்டா கோணல் நிரந்தரமாயிடும், கதவும் மூடாது.

3. சில்லின் முன்பகுதி ஃபெண்டருக்குப் பின்னால் மறைஞ்சிருக்கும். அதனால ஃபெண்டரைக் கழற்றிட்டுத்தான் வேலை செய்யணும். ஒரு பக்கம் முடிச்சபிறகே அடுத்த பக்கம் தொடணும்.

4. வெளித்தகட்டோட நிறுத்தக் கூடாது. நடுத்தகடு, உள்தகடு, கீழே உள்ள தாங்குபட்டை எல்லாத்திலும் நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுக்கணும். துரு மேல புது தகட்டை மூடினா உள்ளே அரிப்பு தொடரும்.

5. புது தகட்டை கிளாம்ப் போட்டு, கதவை மாட்டி இடைவெளியைச் சரிபார்த்த பிறகே வெல்டிங். ஒரே இடத்தில் தொடர்ந்து வெல்டு பண்ணினா சூட்டில் தகடு நெளியும். சின்னச் சின்னதா, இடம் மாத்தி மாத்தி பண்ணணும்.

6. கடைசியா, பெயிண்ட் அடிச்ச பிறகு சில் பெட்டிக்குள் மெழுகு ஸ்பிரே. தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைபடாம பார்த்துக்கணும்.

பாடி மொத்தமும் போயிட்டா?

அதற்கும் வழி இருக்கு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் எம்ஜிபி-க்கு முழு புது பாடியையே தயாரித்து வருகிறது. செலவு அதிகம்தான். ஆனா பத்து இடத்தில் ஒட்டுப்போடுவதைவிட சில நேரம் இதுவே லாபம்.

யார் பொறுப்பு?

பிரிட்டனில் 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத 40 வயது கடந்த கார்களுக்கு வருடாந்திர 'எம்ஓடி' சோதனை கட்டாயமில்லை. எம்ஜிபி எல்லாமே இப்போ அந்த வயதைத் தாண்டியாச்சு. ஆனாலும் காரைப் பாதுகாப்பா வச்சிருக்கும் சட்டப் பொறுப்பு ஓனருக்குத்தான். விபத்து நடந்தா பட்டியும் பெயிண்டும் உயிரைக் காப்பாத்தாது.

அதனால, 'புது சில் மாத்தியாச்சு'ன்னு யாராவது சொன்னா, வேலை நடந்தபோது எடுத்த போட்டோக்களைக் கேளுங்க. உள்தகடு தெரியும் ஒரு போட்டோகூட இல்லைன்னா, பணத்தை எடுக்கும் முன் கொஞ்சம் யோசிங்க!